உப்பு குறைஞ்சிருக்காம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் எடை மெஷினில் ஏறி நின்றதுமே, இன்றைக்கும் வீட்டில் சண்டைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முள் மறுபடியும் ஏறியிருந்தது. அவர் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏதோ மூச்சில்தான் எடை இருக்கிற மாதிரி. முள் அசைந்து கொடுக்கவில்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. காலைக் காட்டுங்க."

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்தேன். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மூக்குக்கண்ணாடியின் கைகள் பதிந்து கோடு போட்டிருந்தன. ஊருக்கெல்லாம் கண்ணாடியை அளவாகத் தேய்த்துப் பொருத்திக் கொடுக்கிற மனிதருக்குச் சொந்தக் கண்ணாடி பத்தாமல் போய்விட்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எதையும் சவ்வு மாதிரி இழுத்துச் சொல்லத் தெரியாது. என் கணவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இப்படி ஆனவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை ஒரு மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்வது ஒன்று. இன்னொன்று, வீட்டிலேயே வயிற்றுக்குள் ஒரு பை மருந்துத் தண்ணீரை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, அடுத்த பையை விடுவது. தொப்புளுக்குப் பக்கத்தில் இதற்கென்று ஒரு குழாய் வைத்துவிட்டார்கள். இவர் யோசிக்காமல் இரண்டாவதைக் கேட்டார். கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு கொக்கி அடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, மதியப் பையை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வேலை போகாது. ஆஸ்பத்திரி நாற்காலி என்றால் வேலை போய்விடும். கடை முதலாளி நல்லவர்தான், ஆனால் கண்ணாடி உடைந்துபோய் வருகிறவர்கள் நாள் பார்த்து வருவதில்லை.

பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் பை நர்ஸ். முதல் நாள் அவள் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"வயித்துக்குள்ள குடலைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. இந்தப் பக்கம் நம்ம தண்ணி. ரத்தத்துல கழிவு ஜாஸ்தி, நம்ம தண்ணியில கழிவே கிடையாது. ஜாஸ்தியா இருக்கற பக்கத்துலேர்ந்து இல்லாத பக்கத்துக்கு அதுவா வந்துடும். யாரும் பிடிச்சுத் தள்ள வேணாம்."

"உடம்புல தேங்கற தண்ணி?" என்று கேட்டேன்.

"நம்ம தண்ணியில சர்க்கரை கலந்திருக்கு. சர்க்கரை இருக்கற பக்கம் தண்ணி இழுபடும். அதான் விட்டதை விட எடுக்கறப்போ பை கனமா இருக்கும்."

"அப்போ ரத்தமே இந்தப் பக்கம் வந்துடாதா?"

"வராதுக்கா. அந்தச் சவ்வுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கு. சின்னது நுழையும். பெருசு நின்னுடும்."

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். எனக்கும் வெளியில் நிற்கிற கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஓட்டை. பணம் உள்ளே வரும், டிக்கெட் வெளியே போகும். பேருந்து தாமதமானால் திட்டும் வரும். அடிக்க ஓங்குகிற கை மட்டும் முழங்கையோடு நின்றுவிடும். அந்த ஓட்டையை வைத்தவன் புண்ணியவான்.

பைகளில் மூன்று விதம். மூடியில் மஞ்சள் கிளிப் போட்டது சர்க்கரை குறைவு, பச்சை நடுத்தரம், சிவப்பு ரொம்ப அதிகம். தண்ணீர் எவ்வளவு தேங்குகிறதோ அதற்குத் தகுந்த நிறம். மஞ்சளில் தொடங்கி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பச்சைக்குப் போனோம். இப்போது சிவப்பில் நிற்கிறோம். அப்படியும் எடை ஏறுகிறது, கால் வீங்குகிறது, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. போன தடவை டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"சிவப்புப் பை போட்டும் இவ்வளவு வீக்கம் இருக்கக் கூடாது. ஒண்ணு, நீங்க தண்ணி நிறைய குடிக்கறீங்க. இல்லன்னா சவ்வு அசந்துபோயிடுச்சு. திங்கட்கிழமை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். சவ்வு போயிருந்தா மெஷின்தான், வேற வழியில்ல."

அந்தத் திங்கட்கிழமைதான் நாளைக்கு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்தேன், துவைத்த துணியையே மறுபடி வாளியில் போட்டேன். சவ்வு போய்விட்டதா, இல்லை இந்த மனிதர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாரா? தண்ணீர்தான் என்றால் திட்டித் திருத்திவிடலாம். அதனால் தண்ணீராகவே இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொந்தப் புருஷன் திருடனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் மாமனார். இரும்பு உருக்குகிற ஆலையில் கேன்டீன் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடுதான் இருக்கிறார். அவரும் என் கணவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே செய்தித்தாள், பேச்சு மட்டும் கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்த கதை அது. மாமா பிடிக்காத காலையெல்லாம் பிடித்து மகனுக்கு அதே ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகன் சொல்லாமல் கொள்ளாமல் அதை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, விருந்தாளிகள் முன்னால், மாமா கேட்டாராம்: "சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" இவர் கையை உதறிவிட்டு எழுந்தவர்தான். அன்றோடு சரி.

எல்லாம் என் வழியாகத்தான் போகும், வரும். "அவருக்கு மாத்திரை தீர்ந்துபோச்சான்னு கேளு." "உன் புருஷன் குடையை எடுத்துட்டுப் போனானா?" இவர் சொல்வதில் கோபத்தை எடுத்துவிட்டுத் தருவேன். அவர் சொல்வதில் குத்தலை எடுத்துவிட்டுத் தருவேன். நீளமாகச் சொன்னால் சுருக்கித் தருவேன், ஏனென்றால் எனக்கும் வேலைக்குப் போக வேண்டும். அந்த வீட்டின் சவ்வு நான்தான். என்னை யாரும் டெஸ்டுக்கு அனுப்புவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

மகனுக்கு உடம்புக்கு வந்ததும் மாமா ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். நான் வேலைக்குப் போகிறவள், சமையலும் சுமார்தான் என்பது அவர் அபிப்பிராயம். எனக்கும் அவருக்கும் ஒரு பெரிய சட்டி. மகனுக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டி, அதில் உப்பு கிடையாது. இதைக் கேள்விப்பட்டபோது இவர் சிரித்தார்.

"அவர் கேட்டாரே, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியான்னு. இல்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருன்னு சொல்லு."

அதை நான் கொண்டுபோகவில்லை. ஓட்டையில் நுழையாத அளவு அது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எடை மெஷினை விட்டு இறங்கியதும் இவர் குடிக்கும் பாட்டிலைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு அந்த ஒரு பாட்டில்தான். அளவாகத்தான் குறைந்திருந்தது.

"வேற எங்க குடிக்கறீங்க?"

"எங்கயும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. தொண்டை காயுதுன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க."

"காயுதுதான். காஞ்சா குடிச்சேன்னு அர்த்தமா? நாக்கை ஒட்டவெச்சுட்டு உக்காந்திருக்கேன், நீ வேற."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போனை எடுத்துக் கண்ணாடிக் கடை முதலாளிக்குப் போட்டேன். கடையில் இவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணி குடிக்கறதைப் பாக்கலம்மா. ஐஸ் கட்டி வாங்கிட்டு வரச் சொல்லி வாயில போட்டுக்கறார். அடிக்கடி. பாவம், ரொம்பத் தாகமா இருக்கு போல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"என் முதலாளிகிட்டயா என்னை விசாரிக்கற?"

"ஐஸ் கட்டின்னா அது தண்ணியில்லாம வேற என்ன? வேலை போகப்போவுது, மெஷின்ல படுக்கப்போறீங்க, உங்களுக்கு ஐஸ் கேக்குதா?"

"தாகம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடி? வாய்க்குள்ள மண்ணைக் கொட்டின மாதிரி இருக்கு. முன்னாடி இப்படி இல்ல. இப்பத்தான், கொஞ்ச நாளா... என்னால முடியல." அவர் குரல் உடைந்துவிட்டது. அப்படியும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. பயந்துபோனால் எனக்குக் கோபம்தான் வரும்.

மதியம் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். சோறு, வேகவைத்த காய், முட்டை, எல்லாம் சின்னச் சட்டியிலிருந்து வந்தவை. அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனக்கு வேணாம்."

"சாப்பிடுங்க. மாத்திரை போடணும்."

"வேணாம்னா விடு. இந்த வீட்ல ருசியா இருக்கறது அந்தச் சாப்பாடு ஒண்ணுதான். அதையும் தொண்டையில இறங்க விடமாட்டேங்கற."

எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்படி வாசலில் மாமா நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பேசிவிட்ட மாதிரி ஆகிவிடுமே.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமைத்த சாப்பாட்டைக் கொட்டுவதா? அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவர் தட்டை என் பக்கம் இழுத்து, பிசைந்து ஒரு கவளத்தை வாயில் போட்டேன்.

மெல்லுவதற்குள் வாய் நின்றுவிட்டது.

இன்னொரு கவளம் போட்டேன். காயை மட்டும் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கரிக்கிற உப்பு இல்லை. கைதேர்ந்த சமையல்காரன் அளவாகப் போட்ட, தூக்கலாக நிற்கிற உப்பு. கேன்டீன் உப்பு.

"மாமா," என்றேன். "மாமா! இதுல உப்பு போட்டிருக்கீங்க."

"ஆமா," என்றார் மாமா. குற்றவாளி மாதிரி இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தவன் மாதிரி சொன்னார். "போட்டேன்."

"எத்தனை நாளா?"

"நீ சொன்னதுலேர்ந்து."

"நான் என்ன சொன்னேன்?"

"நீதானேம்மா வந்து சொன்ன, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்த அன்னிக்கு. உப்பு குறைஞ்சிருக்காம் மாமான்னு."

சொன்னேன். என் வாயால் சொன்னேன். ரத்தத்தில் சேர்கிற அந்தக் கழிவுக்கு ஆஸ்பத்திரியில் என்னவோ நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. டாக்டரே எங்களிடம் பேசும்போது உப்பு என்றுதான் சொல்வார். உங்களுக்கு உப்பு ஏறியிருக்கு, உங்களுக்கு உப்பு இறங்கியிருக்கு. வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள்கூட ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது அப்படித்தான்: உங்களுக்கு உப்பு எவ்வளவு? பை போடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் பை நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, நல்ல சேதி, சாருக்கு உப்பு நல்லா குறைஞ்சிருக்கு." நான் துள்ளிக் குதித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், வேலைக்கு நேரமாகிவிட்டதால் கதவு ஓரத்திலேயே நின்று, நாலு வார்த்தையைச் சுருக்கி மூன்றாக்கி மாமாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

"அது வேற உப்பு, மாமா," என்றேன்.

"உப்புல என்ன வேற உப்பு?"

"ரத்தத்துல இருக்கற கழிவு மாமா அது! அதைத்தான் உப்புன்னு சொல்றாங்க. அது குறைஞ்சா நல்லது. இது சாப்பாட்டு உப்பு. இது உள்ள போனா தாகம் எடுக்கும். தண்ணி குடிப்பார். குடிச்சது வெளிய போகாது. உப்பு அதைப் பிடிச்சு உக்காரவெச்சுக்கும். அதனாலதான் வீங்கறார்."

மாமா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உலைப் பக்கம் வேலை பாக்கறவங்க உப்பு இறங்கி மயங்கி விழுவாங்கம்மா. வேர்வையில எல்லாம் போயிடும். கை காலு இழுக்கும். நான்தான் ஓடிப்போய் உப்புத் தண்ணி கரைச்சு வாயில ஊத்துவேன். எத்தனை பேரை எழுப்பி உக்காரவெச்சிருக்கேன். இவனுக்கும் குறைஞ்சிருக்குன்னா... சமைக்கிறவன் நான். என்கிட்ட வந்து நீ சொல்றன்னா போடச் சொல்றன்னுதானே நினைப்பேன்?"

"சந்தேகம்னா கேக்கறதில்லையா?"

"யாரைக் கேக்கறது?" என்றார் மாமா. "அவன்கிட்டயா?"

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. இவர் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்கு நாக்கு திரும்பிடுச்சுன்னு நினைச்சேன். உடம்பு தேறுது, அதான் சாப்பாடு ருசிக்குதுன்னு. சின்ன வயசுல அவர் சமைச்ச ருசி." நிறுத்தினார். "அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லல."

மாமா மகனைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "அவன்கிட்ட சொல்லும்மா. வேணும்னு செய்யல."

இரண்டு அடி தூரம்கூட இல்லை. காது நன்றாகக் கேட்கிற இரண்டு ஆண்பிள்ளைகள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வெடித்துவிட்டேன்.

"சொல்ல மாட்டேன். இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அங்கேர்ந்து இங்க, இங்கேர்ந்து அங்கன்னு இத்தனை வருஷமா சுமந்தது போதும். சுமந்த லட்சணத்தைப் பாத்தீங்கல்ல? மூணு வார்த்தையில ஒருத்தரைக் கொல்லப் பாத்தேன். அவருக்கு ஏதாவது சொல்லணும்னா அவர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கும் அப்படித்தான். நான் டிக்கெட் குடுக்கறதோட சரி."

தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். அழுகை வந்ததா என்றால், வந்தது.

மறுநாள் டெஸ்டுக்குப் போனோம். உப்புக் கதையைக் கேட்டு பை நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். டாக்டர் கேட்டுவிட்டு, "அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா இவ்வளவு நாள் சிவப்புப் பை போட்டிருக்கோம், அந்தச் சர்க்கரையே சவ்வைக் கெடுத்திருக்கலாம். பாத்துடுவோம்," என்றார். அதாவது, இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்ததில் நோயே வந்திருக்கலாம் என்கிறார். ஒரு பையை உள்ளே விட்டு, விட்டு விட்டுக் கொஞ்சம் எடுத்து, கூடவே ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னார்கள்.

அந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. மாமா ஞாயிறு மதியத்தோடு அடுப்படிப் பக்கமே போகவில்லை. நான்தான் சமைத்தேன். காய் ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. உப்பில்லாமல் எல்லோருக்கும் ஒரே சட்டி. மூன்று பேரும் உப்புச் சப்பில்லாத சாப்பாட்டை உப்புச் சப்பில்லாமல் தின்றோம். யாரும் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் கடிகாரச் சத்தம்தான் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ தடவை மாமா என் பக்கத்தில் வந்து நின்று, "உன் புருஷன்..." என்று தொடங்குவார். நான் நகர்ந்துவிடுவேன். இவரும் அப்படித்தான், "அவருக்கு..." என்பார். நான் குழாயைத் திறந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் நடந்தது. இவருக்குத் தாகம் குறைந்தது. பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருந்தது. எடை மெஷினில் முள் இறங்கத் தொடங்கியது. ஆனால் அதை நம்பிச் சந்தோஷப்படப் பயமாக இருந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது சரி, சவ்வு?

வியாழக்கிழமை கவுன்டரில் இருந்தபோது போன் வந்தது. வரிசை நீளமாக இருந்தது. யார் என்ன கத்தினாலும் பரவாயில்லை என்று எடுத்தேன்.

"அக்கா," என்றாள் பை நர்ஸ். "சவ்வு நல்லா இருக்கு."

"முழுசாச் சொல்லு," என்றேன். "சுருக்காத. எனக்குச் சுருக்கிச் சொன்னதே வேணாம்."

அவள் சிரித்தாள். "சவ்வு ஒழுங்கா வேலை செய்யுது. எவ்வளவு வேகமாப் போகணுமோ அவ்வளவு வேகமாத்தான் எல்லாம் போகுது. மெஷின் தேவையில்லை. திரும்பவும் மஞ்சள் பையிலேர்ந்து தொடங்கலாம். சார் எப்பவும்போல வேலைக்குப் போகலாம். சாப்பாட்டுல உப்பு போடாதீங்க. சாப்பாட்டு உப்பு. சமையல் உப்பு. கடையில விக்கற உப்பு. போதுமா?"

எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. முன்னால் நின்றவருக்கு அவர் கேட்ட ஊருக்கு நேர் எதிர்த் திசையில் உள்ள ஊருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டேன். அவர் கத்தினார். ஓட்டை வழியாக அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பயந்துபோய் அமைதியாகிவிட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், வாசலுக்குப் பக்கத்தில் மாமாவின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. அவர் வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என் பொண்ணு வீட்டுக்குப் போறேன்மா. உன் வரவுக்குத்தான் காத்திருந்தேன்."

"ரிசல்ட் வந்துடுச்சு மாமா. சவ்வு நல்லா இருக்காம். மெஷின் வேணாம். அவர் வேலையும் போகாது."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "போதும்மா. இது போதும். நான் கிளம்பறேன். என் கையால அவன் சாப்பிட்டது போதும்," என்றார்.

"போறதுன்னா உங்க பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"நீ சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் திட்ட வேண்டும் போல இருந்திருக்கும், ஆனால் திட்டவில்லை.

இவர் கடையிலிருந்து வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. போனில் சேதியை முன்பே சொல்லியிருந்தேன், முழுதாக. வாசலில் செருப்பைக் கழற்றும்போது துணிப்பையைப் பார்த்தார். மாமாவின் சட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் மூன்று தட்டு வைத்தேன். "சாப்பிட்டுப் போகலாம்" என்று யாரிடமும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னேன். மாமா வந்து உட்கார்ந்தார், தட்டைத் தொடவில்லை. இவர் பிசைந்தார். ஒரு கவளம் போட்டார். மென்றார். அன்றைக்குக் காய் வேகாத நாள். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார்.

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: பேசித் தொலையேன். ஏதாவது பேசித் தொலையேன்.

இவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அப்புறம் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா," என்றார்.

மாமாவின் கை தட்டின் விளிம்பில் நின்றது.

"சோத்துல உப்பு பத்தல."

கடிகாரம் கேட்டது. மாமாவின் கீழுதடு துடித்தது. அதை அவர் கடித்துக்கொண்டார். மகன் முகத்தில் சிரிப்பு ஒரு ஓரத்தில் ஒளிந்திருப்பதை நான் பார்த்தேன், அவரும் பார்த்துவிட்டார்.

"பத்தாது," என்றார் மாமா. "இனிமே பத்தாது. பேசாம தின்னுடா."

இவர் இன்னொரு கவளம் எடுத்தார். மாமா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு காயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"என்னத்தை வேகவெச்சிருக்கா இவ? கல்லு மாதிரி இருக்கு. இங்க குடு." எழுந்து மகன் தட்டையும் என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போகிற வழியில் இருந்த தன் துணிப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.